உலகம் மாறினால் களியக்காவிளைக்கு என்ன? எங்கள் படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையோரம் உள்ள களியக்காவிளைச் சந்தையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. தமிழ் நாளிதழும் மலையாள நாளிதழும் ஒரே மேசையில் கிடக்கும். ரப்பர் பால்வெட்டு முடித்து வருபவர்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்கள், தூத்தூர்ப் பக்கத்துக் கடல்தொழிலாளிகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் வெளிநாட்டுச் செய்தியை வாசித்துவிட்டு என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

உலக ஒழுங்கு மாறுது, மாறுதுன்னு சொல்லுதாவ. அந்த ஒழுங்கு எது சாரே?

இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், வென்ற நாடுகள் உட்கார்ந்து வகுத்த ஏற்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை, உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் ஆகியவை அப்போது பிறந்தவை. வணிகத்துக்கான உலக வர்த்தக அமைப்பு 1995-இல் வந்தது. முதலில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இரண்டு முனைகளாக நின்றன. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய தனித்து ஓங்கியிருந்தது.

இப்போது சீனா வளர்ந்துவிட்டது. இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, சவூதி அரேபியா போன்ற நாடுகள் தமக்கென்று ஒரு வழியைத் தேடுகின்றன. விதிகளை வகுத்த நாடுகளே அந்த விதிகளிலிருந்து நழுவுகின்றன. பழைய ஏற்பாடு தளர்ந்துவிட்டது, புதியது இன்னும் உருவாகவில்லை என்ற இந்த இடைக்காலத்தைத்தான் 'மாற்றம்' என்ற ஒரு சொல்லால் நாளிதழ்கள் குறிக்கின்றன.

தூதரகத்துல இருக்கவங்களுக்கு விருந்து சாப்பிடுகத விட்டா வேற என்ன வேலை?

ஒரு நாட்டின் எண்ணத்தை இன்னொரு நாட்டிடம் பிசகில்லாமல் சொல்வது, அங்கே நடப்பதை உள்ளபடி தன் நாட்டுக்கு எழுதுவது, ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பது, அங்கே வாழும் தன் குடிமக்களைக் கவனிப்பது ஆகியவை தூதரகத்தின் வேலைகள். சண்டை மூண்டிருக்கும்போதும் பேசுவதற்கு ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான், தூதரைக் கைது செய்யக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் விதித்தது.

நம் பக்கத்து மலையாள மண் இந்தத் தொழிலுக்குப் பெரிய ஆட்களைத் தந்திருக்கிறது. கோழிக்கோட்டில் பிறந்த வி.கே. கிருஷ்ண மேனன் 1957 ஜனவரியில் காஷ்மீர் குறித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார். பின்னாளில், 1971-இல், திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவரும் அவரே. சீனப் போருக்கு முன்பிருந்தே காலியாகக் கிடந்த பீஜிங் தூதர் பதவிக்கு 1976-இல் அனுப்பப்பட்ட கே.ஆர். நாராயணன், பிற்பாடு குடியரசுத் தலைவரானார்.

கல்ஃபுல மாட்டிக்கிட்டா எம்பசி நம்மளக் காப்பாத்துமா, இல்ல கைய விரிச்சிருமா?

இந்தக் கேள்வியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. போர் மூண்டு எல்லோரும் வெளியேற வேண்டிய நிலை என்றால், இந்தியாவின் வரலாறு நம்பிக்கை தருவது. 1990-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது 1,70,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்தானின் அம்மான் வழியாக விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கியிருந்த 46 செவிலியர், பெரும்பாலும் கேரளப் பெண்கள், உயிருடன் கொச்சி வந்திறங்கினார்கள். 2015-இல் ஏமனிலிருந்து சொந்தக் குடிமக்களோடு வேற்று நாட்டவர் பலரையும் இந்தியக் கப்பல்களும் விமானங்களும் மீட்டன. இவை நடந்ததற்குக் காரணம், சண்டையிடும் இரு தரப்போடும் இந்தியாவுக்குப் பேச்சுவழி இருந்ததே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் 'இந்தியா யார் பக்கம்' என்ற கேள்வியில் இது திரும்ப வரும்.

தனி ஒருவருடைய வழக்கு என்றால் தூதரகத்தின் கை குறுகியது. கைதான வெளிநாட்டவர் விரும்பினால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் தரவேண்டும் என்று 1963-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே சிறையில் வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் வைக்க உதவலாம், ஊருக்குச் சொல்லலாம்; அந்நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்ற முடியாது. முகவர் பேச்சை நம்பி விசிட் விசாவில் வேலைக்குப் போன ஒரு பையனுக்காக நானே பல மாதம் மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். முறையான பதிவு இல்லாமல் போனவருக்கு, அவர் எங்கே யாரிடம் வேலை செய்கிறார் என்பதை நிரூபிப்பதே பாதிப் பாடு.

நம்ம மீனவனச் சுட்டுக் கொன்ன இத்தாலிக்காரன இங்கேயே தண்டிக்க முடியாமப் போனது ஏன்?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இந்தக் கேள்வி கோபத்தோடு கேட்கப்படுகிறது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த செயின்ட் ஆன்டனி என்ற படகின் மீது, என்ரிகா லெக்ஸி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று கருதியதாகச் சொல்லிச் சுட்டார்கள். இறந்த இருவரில் ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் நம் குமரி மாவட்டத்தவர்.

ஒரு நாட்டின் முழு ஆட்சி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மட்டுமே. அதற்கப்பால் 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் போன்ற வளங்களின் மீது உரிமை உண்டு; ஆனால் அங்கே போகும் எல்லாக் கப்பலின் மீதும் காவல்துறை அதிகாரம் இல்லை. 20.5 என்ற எண் இந்த இடைவெளிக்குள் விழுந்ததுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். விடுப்பில் ஊருக்குப் போன அந்த வீரர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று இத்தாலி 2013 மார்ச்சில் சொன்னபோது, இத்தாலியத் தூதர் நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மேலே சொன்ன தூதர் விலக்கு விதியோடு அது நேரடியாக மோதியது. வீரர்கள் திரும்பி வந்ததால் அந்த மோதல் அதோடு தணிந்தது.

கடல் சட்ட ஒப்பந்தத்தின்படி அமைந்த நடுவர் மன்றத்தின் தீர்ப்பு 2020-இல் வெளியானது. அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் அந்த வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது. ஆனால் இத்தாலி இந்தியாவின் கடற்பயண உரிமையை மீறியது, இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் சாரம். இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. இரண்டு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று சொல்லி, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இத்தாலியில் நடந்த விசாரணை 2022-இல் கைவிடப்பட்டது. இது நீதியா என்று கேட்டால், முழு நீதி இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்தச் சட்டமும் இல்லாதிருந்தால் நமக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு இரங்கல் செய்தி மட்டுமே.

ஐ.நா. இருந்தும் போர் நிக்கலியே, பின்ன எதுக்கு அது?

ஐ.நா.வில் 193 நாடுகள் இருந்தாலும், படை அனுப்பவோ தடை விதிக்கவோ அதிகாரமுள்ளது 15 பேர் கொண்ட பாதுகாப்பு மன்றம். அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். அவற்றில் ஒன்று 'வேண்டாம்' என்றால் தீர்மானம் விழுந்துவிடும். உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தை 2022 பிப்ரவரியில் ரஷ்யா அப்படித் தடுத்தது. காசாவில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானங்களை அமெரிக்கா பலமுறை தடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரோ அவருடைய நண்பரோ நீதிபதி நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நிலைமை.

ஆனால் போரை நிறுத்துவதோடு ஐ.நா.வின் வேலை முடிந்துவிடவில்லை. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒத்துழைத்ததால் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் அது அறிவிக்கப்பட்டது. உக்ரைன் போர் நடக்கும்போதே, ஐ.நா.வும் துருக்கியும் பேசி முடித்த கருங்கடல் ஏற்பாட்டின் மூலம், 2022 ஜூலை முதல் ஓராண்டில் ஏறக்குறைய 3.3 கோடி டன் தானியமும் உணவுப்பொருளும் உக்ரைன் துறைமுகங்களிலிருந்து வெளியேறின.

அப்ப இந்தியாவுக்கு அந்த நிரந்தர நாற்காலியை ஏன் தரமாட்டேங்கான்?

ஐ.நா. சாசனத்தைத் திருத்த, உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கும், அந்த ஐந்து நாடுகள் ஒவ்வொன்றும் ஒப்ப வேண்டும். இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் நான்கும் சேர்ந்து கேட்கின்றன. இந்த நான்குக்கும் எதிராக அவற்றின் அண்டை நாடுகளில் ஒன்றாவது நிற்கிறது. இருப்பதை விட்டுக்கொடுக்க யாரும் விரும்புவதில்லை.

உலகத்துக்கு ஒரு சுப்ரீம் கோர்ட் கிடையாதா?

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 15 நீதிபதிகளோடு பன்னாட்டு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஏதோவொரு வகையில் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே அது வழக்கை எடுக்க முடியும். பாகிஸ்தான் சிறையில் உள்ள இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019 ஜூலையில் இந்தியாவுக்குச் சாதகமான தீர்ப்பு கிடைத்தது, மேலே சொன்ன தூதரகத் தொடர்பு உரிமையின் அடிப்படையில்தான். அந்த ஒப்பந்தத்தில் பாகிஸ்தானும் கையெழுத்திட்டிருந்தது.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் அதை நம்பியிருந்தது. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் போனது. ஒரே அரசியல் சட்டம், ஒரே நாடாளுமன்றம், கட்டளையிடும் நீதிமன்றம் ஆகிய மூன்றும் இருந்தும், பக்கத்து மாநிலங்கள் இரண்டுக்கிடையே கால்வாயில் தண்ணீர் வருவது இவ்வளவு கடினம் என்றால், இவற்றில் ஒன்றும் இல்லாத நாடுகளுக்கிடையே ஏன் ஆண்டுகள் ஓடுகின்றன என்பது விளங்கும்.

கடல் எல்லாருக்கும் பொதுதானே? டீகோ கார்சியா பக்கம் போனா மட்டும் ஏன் பிடிக்கானுவ?

தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள்; அவர்களில் சிலர் அங்கே தடுத்து வைக்கப்பட்ட செய்தி நமக்குப் புதிதல்ல. டீகோ கார்சியா குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சாகோஸ் தீவுகளில் ஒன்று. அமெரிக்கப் படைத்தளம் உள்ள இடம். மேலே சொன்ன 200 கடல் மைல் விதி அந்தத் தீவுகளைச் சுற்றியும் பொருந்தும். அதோடு 2010-இல் பிரிட்டன் அங்கே மீன்பிடிப்பையே தடை செய்தது. கடல் பொது என்பது அந்த வட்டத்துக்கு வெளியேதான்.

இந்தத் தீவுகளின் கதை, மாறும் உலகைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த சிறந்த பாடம். மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1965-இல், பிரிட்டன் இத்தீவுகளைத் தனியே வெட்டி எடுத்துக்கொண்டது. அங்கே வாழ்ந்த மக்களையும் வெளியேற்றியது. பதின்மூன்று லட்சத்தைத் தாண்டாத மக்கள்தொகை கொண்ட மொரீஷியஸ், ஒரு போர்க்கப்பலையும் அனுப்பாமல், சட்டத்தின் வழியாகவே பல பத்தாண்டுகள் நடந்தது. 2019 பிப்ரவரியில் பன்னாட்டு நீதிமன்றம் பிரிட்டன் விலக வேண்டும் என்று கருத்துச் சொன்னது. அந்த மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள், இந்தியா உட்பட, மொரீஷியஸ் பக்கம் வாக்களித்தன. பிரிட்டனோடு நின்றவை ஐந்து மட்டுமே. 2025 மே 22-இல், தீவுகளின் இறையாண்மை மொரீஷியஸுக்கு, தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நிறைவேற்றுவதிலும் தடங்கல்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் போடும் இடத்துக்கு ஒரு பழைய பேரரசு கொண்டுவரப்பட்டது.

இந்தியா அமெரிக்கா பக்கமா, ரஷ்யா பக்கமா? ஒரு பக்கம் நிக்கப்பிடாதா?

2004 டிசம்பர் 26-இல் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் கடல் விழுங்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த ஆழிப்பேரலை நிவாரணத்துக்காக இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா நான்கும் சேர்ந்து வேலை செய்ததிலிருந்துதான் 'குவாட்' என்ற கூட்டணியின் எண்ணமே முளைத்தது. அதே இந்தியா ரஷ்யா, சீனாவோடு பிரிக்ஸ் என்ற நாடுகள் குழுவிலும் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்யாவைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்தில் 141 நாடுகள் ஆதரித்தபோது, வாக்களிக்காமல் விலகிய 35 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த ரஷ்யாவின் பங்கு, அடுத்த ஆண்டிலேயே மூன்றில் ஒன்றை எட்டியது.

இது கொள்கையா, வெறும் லாபமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரண்டும்தான். எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு, மலிவாகக் கிடைப்பதை விடுவது கடினம். இரு தரப்போடும் பேசும் வழி இருந்ததால்தான் குவைத்திலிருந்தும் ஏமனிலிருந்தும் நம்மவர் திரும்பினார்கள். ஆனால் ஒரு நாடு இன்னொரு நாட்டின் எல்லையைப் படையால் மாற்றும்போது வாய்மூடி இருப்பதற்கும் விலை உண்டு என்று நான் நினைக்கிறேன். நாளை நம் எல்லையில் அப்படி நடந்தால், அன்று நாம் ஆதரவு கேட்கப்போவது இன்று நம் மௌனத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாடுகளிடம்தான்.

ரப்பர் விலை எங்க தீருமானமாகுது? அமெரிக்கா வரி போட்டா நம்ம அண்டி ஆபீசு ஏன் படுக்குது?

ரப்பரை அதிகம் விளைவிப்பது தாய்லாந்து. அதிகம் வாங்குவது சீனா. சீனாவில் டயர் ஆலை மந்தமானாலோ, கச்சா எண்ணெய் விலை இறங்கிச் செயற்கை ரப்பர் மலிந்தாலோ, குலசேகரத்தில் ஷீட்டின் விலை விழும். 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட விலை 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே போனது அப்படித்தான். இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. விலை 180 ஆக இருக்கும்போது 25 சதவீதம் என்பது 45 ரூபாய். ஆனால் 30-தான் வசூலாகும்.

அண்டி என்று நாம் சொல்லும் முந்திரியின் கதை வேறு. நம் பெண்கள் உடைக்கும் கொட்டையில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருவது; பருப்போ வெளிநாட்டுச் சந்தைக்கும் போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. எண்ணெய் வாங்கியது யாரோ. விலை கொடுக்க நின்றவர்களில் கொட்டை உடைக்கும் பெண்ணும் இருந்தாள். இப்படிப்பட்ட வரியை எதிர்த்து முறையிட வேண்டிய இடம் உலக வர்த்தக அமைப்பு. அதன் மேல்முறையீட்டு மன்றமோ, நீதிபதி நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பரிலிருந்து இயங்கவில்லை.

மறுபுறம், கொட்டையை அப்படியே ஏற்றுமதி செய்யாமல் தன் மண்ணிலேயே உடைக்க வேண்டும் என்று ஐவரி கோஸ்ட் முயல்கிறது. நம் ஆலைகளுக்கு அது அடி. ஆனால் மூலப்பொருளை மட்டும் தந்து ஏழையாக இருக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்வது, நாம் ஒருகாலத்தில் பருத்தியை முன்வைத்துச் சொன்னதே. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விழிஞ்ஞம் வந்தாச்சே, இனி கொழும்பு எதுக்கு?

திருவனந்தபுரம் அருகிலுள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இயற்கையாகவே ஆழமான கடலும் பன்னாட்டுக் கப்பல் பாதையின் அருகாமையும் அதன் பலம். கொழும்புக்குப் போய் மாறிய சரக்கில் ஒரு பகுதி இனி இங்கே மாறும். அதற்காகக் கொழும்பு நமக்குப் பகையாக வேண்டியதில்லை. குமரிக்குத் தெற்கே மீன்வளம் மிக்க வாட்ஜ் திட்டு இந்தியாவுடையது என்று இலங்கை ஒப்புக்கொண்டதே 1976-இல் பேசி எழுதிய உடன்படிக்கையால்தான்.

குளச்சல்ல டச்சுக்காரன அடிச்சமே! அதுபோல இப்பவும் நின்னு அடிச்சா என்ன?

1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக் கம்பெனியை வென்றது உண்மை, அது பெருமைக்குரியது. ஆனால் அடித்ததோடு அவர் நிற்கவில்லை. பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைத் தன் படைக்குப் பயிற்சி தரவைத்தார். டிலனாயின் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. 1753-இல் மார்த்தாண்ட வர்மா அதே டச்சுக்காரர்களோடு மாவேலிக்கரையில் உடன்படிக்கையும் செய்தார்.

அடுத்த தலைமுறையில் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திப்புவுக்கு அஞ்சி ஆங்கிலக் கம்பெனி ஒன்றையே சார்ந்த திருவிதாங்கூர், 1795-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கப்பம் கட்டிக் களைத்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809-இல் எதிர்த்து எழுந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒரே துணையை நம்பினால் அந்தத் துணையே எசமானாகிவிடும் என்பதை நம் ஊர் வரலாறே சொல்கிறது. பல பக்கமும் உறவு வேண்டும் என்று டெல்லி சொல்வதன் நியாயம் எனக்குப் புரிந்தது உதயகிரியில் நின்றபோதுதான்.

கடல் கொதிச்சதுக்கு நாமளா காரணம்? ஒக்கியில போன உயிருக்கு யாரு பதில் சொல்லுவா?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலில் குமரியிலும் திருவனந்தபுரத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. ஒரு தனிப் புயலை மட்டும் காட்டி, இது இன்னாரால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அரபிக்கடல் சூடேறி வருவதும், அதனால் கடும் புயல்கள் கூடுவதும் அறிவியலாளர் கண்டவை. இந்தியரின் தலைக்கணக்குக் கரிவளி உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இழப்பு, சேதத்துக்கென ஒரு நிதி வேண்டும் என்று ஏழை நாடுகள் பல்லாண்டு கேட்டு 2022-இல்தான் கொள்கையளவில் பெற்றன. 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று 2024-இல் பாகூ காலநிலை மாநாட்டில் முடிவானபோது, அது போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்த்தது. அந்த எதிர்ப்பு சரியானது.

பெரிய நாடே சட்டத்த மதிக்கலன்னா, நாம மட்டும் எதுக்கு மதிக்கணும்?

பலமுள்ளவனுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பலம் இருக்கும். சட்டம் போனால் இழப்பு மொரீஷியஸுக்கும் செயின்ட் ஆன்டனி படகுக்கும்தான். விதியை மீறுகிறவர்கள்கூட ஒரு சட்டக் காரணத்தைத் தேடிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்று இத்தாலி வாதாட வேண்டியிருந்தது.

நம்மள மாதிரி ஆளுக சொல்லுகது டெல்லிக்கோ ஐ.நா.வுக்கோ கேக்குமா?

ஒக்கிக்குப் பிறகு கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். தேடுதலின் குறைகளை நாடு முழுவதும் பேசியது அவர்கள் உட்கார்ந்த பிறகுதான். ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும் கருவி பொருத்தும் திட்டமும் பின்னர் வந்தது.

இப்போது இன்னொரு கதவு திறந்திருக்கிறது. 200 கடல் மைலுக்கு அப்பாலுள்ள பொதுக் கடலைப் பற்றிய புதிய ஒப்பந்தத்தில் இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டது. அது 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுக் கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை அறிவிக்க முடியும். அவ்வாறு செய்யும்போது உள்ளூர்ச் சமூகங்களின் மரபறிவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. நாற்பது ஆண்டு கடலில் கிடந்தவருக்குத் தெரிந்தது ஏட்டில் இல்லாவிட்டால், அந்த மேசையில் அது இல்லாததாகவே கருதப்படும். ஆகவே எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் எந்தச் சுறா கிடைத்தது என்பதை, சின்னத்துறை முதல் நீரோடி வரையுள்ள மூத்தவர்கள் சொல்லச் சொல்ல, படிப்பகத்துப் பிள்ளைகள் எழுதி வருகிறார்கள். இதுவரை மூன்று நோட்டுகள் நிறைந்திருக்கின்றன; நான்காவது வள்ளவிளையில் ஒருவர் வீட்டில் இருக்கிறது.